நடைவேகம்

போன கோடை வரை பயணிகளை ஏற்றிய படகுதான் இது.
பக்கவாட்டில் ஒட்டிய ஐஸ்கிரீம் படம்
இன்னும் முழுதாக உரியவில்லை.
இந்த ஆகஸ்டில் அதன் பின்னால்
ஒரு மிதவையைக் கட்டிவிட்டார்கள்.
மிதவையின் வயிற்றில் முப்பத்தாறு விளக்குகள்,
நீருக்குள் முகம் கவிழ்த்து.

கலினோவ்கா நீர்த்தேக்கம், மொராவியா.
கரையில் பலகை: குளிக்கத் தடை.
ஹினெக்கின் பலகாரக் கடை பூட்டிக் கிடக்கிறது.
துடுப்பை விட்டு எடுத்தால்
பச்சைப் பெயிண்ட் சொட்டுகிறது.
மூன்று ஊர்களின் குழாய்களுக்கு
இங்கிருந்துதான் போகிறது.

இரவு இரண்டு மணிக்குக் கிளம்புவோம்.
ஏன் இரவில் என்று முதல் நாளே கேட்டேன்.
போஹுமிலா புட்டிகளுக்கு எண் எழுதியபடி சொன்னாள்:
பகலெல்லாம் வெயிலைத் தின்று கனத்துக் கீழே இறங்கும்.
ராத்திரி செரித்து, இலேசாகி,
விடியுமுன் மேலே வந்து கூடும்.
இன்னொன்று,
நம் விளக்கு போடும் காயத்தைப்
பகல் வெளிச்சம் தைத்துவிடும்.
தையல்காரன் வருமுன் முடிக்க வேண்டும்.

சிரித்தேன். பங்காளிச் சண்டை போலிருந்தது:
வெளிச்சம் வளர்த்ததை வெளிச்சம் அடக்க,
அடங்கியதை மறுபடி வெளிச்சமே எழுப்பிவிட.

எட்டிப் பார்க்காதே என்றாள்.
தெரிகிற ஊதா வெறும் ஓரம்தான்;
வேலை செய்வது தெரியாத பகுதி.
நடைவேகத்தில் போ. அதற்குக் கீழே வேண்டாம்.
மெதுவாகப் போனால் ஒளி அதிகம் விழும்,
செல் கிழியும்,
உள்ளே பூட்டிய நஞ்சு வெளியே கொட்டும்.
கொல்ல வரவில்லை நாம்.
பெருகாமல் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறோம்.

தலையாட்டினேன்.
ஆனால் ஜூலையில் என் அஸோர்
கரையோர நுரையை நக்கியிருந்தான்.
மாலைக்குள் பின்னங்கால்கள்
அவன் சொல் கேட்கவில்லை.
மருத்துவர் வரும் வரைகூட...
சரி, அதை விடுங்கள்.

ஒன்பதாம் இரவு,
நீர் உறிஞ்சும் கோபுரத்துக்கு அருகே,
கஞ்சி ஆடை போல் தடித்துக் கிடந்தது.
அவள் குனிந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள்.
விசையைப் பாதிக்கு இறக்கினேன்.
அந்தப் பாதியிலும் பாதிக்கு.
சாகட்டும் என்று
வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது.
இயந்திரச் சத்தத்தில் யார் கேட்டார்?

இரண்டு நாளில் அந்த மூலை தெளிந்தது.
அடியில் கூழாங்கல் தெரிந்தது,
யாரோ தொலைத்த செருப்பு தெரிந்தது.
ஹினெக் கை தட்டினான்.
நான் படம்கூடப் பிடித்தேன்.

சாயங்காலம் ஆய்வக முடிவு வந்தது.
பச்சை நீரில் நஞ்சு முடிச்சிட்ட பையில் இருந்தது;
கண்ணாடி நீரில்
சில்லறையாகச் சிதறிக் கிடந்தது.

கோபுரத்தின் கதவை மூடினார்கள்.
நான்கு நாள் லாரித் தண்ணீர்.
அப்போதுதான் ராதிமைப் பற்றித் தெரிந்தது,
அவள் தம்பி. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்தவன்.
குடிப்பது நாளுக்கு மூன்று கோப்பை.
வாரம் மூன்று முறை அவன் இரத்தத்துக்கு அருகே
நூற்றிருபது லிட்டர் நீர் ஓடும்,
நடுவில் ஒரு மெல்லிய சவ்வு.
அந்த வாரம் அவனுக்கு ஒரு முறை
ஆறு மணி நேரம் தாமதம்.

அவள் என்னை எதுவும் கேட்கவில்லை.
பதிவேட்டில் ஒன்பதாம் இரவுக்கு நேரே
வேகம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள்.
நான் எழுதினேன்:
கால்வாசி. வேண்டுமென்றே. நான்தான்.

படித்தாள்.
பையைத் துழாவி
சிவப்பு நகப்பூச்சை எடுத்து
விசைத்தண்டுக்கு அருகே ஒரு கோடு போட்டாள்.
காயும் வரை ஊதினாள்.

இன்று இருபத்து மூன்றாம் இரவு.
ஊசியிலை மரங்களுக்குப் பின்னால்
வானம் வெளுக்கத் தொடங்குகிறது.
ஒவ்வொரு விளக்காக அணைக்கிறாள்.
நேற்றைவிடப் பச்சை குறைவா என்கிறேன்.
என்னைக் கேட்காதே, மீட்டரைக் கேள்.

மீட்டர், கொஞ்சம், என்றது.

ஒரு கெண்டை துள்ளி விழுந்தது.
படகைத் துறைக்குத் திருப்பினேன்.
விளக்குகள் இருண்டுவிட்டன,
இனி எந்த வேகத்திலும் போகலாம்.
என் கை
கோட்டிலேயே இருந்தது.