மூன்றாம் சனல்

தமாமிலிருந்து வந்த பார்சலுக்குள்
சவர்க்காரம், துவாய், பேரீச்சம்பழத்துக்கு நடுவே
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு ரீவி கேம் பெட்டி.
மகனுக்கு என்று அவர் எழுதியிருந்தார்.
மகனுக்கு அப்போது பதினொரு மாதம்.
ஆகவே நான் விளையாடினேன்.

9999 விளையாட்டு என்று கசற்றில் ஒட்டியிருந்தது.
பிள்ளை நித்திரையான மத்தியானங்களில்
இருந்து எண்ணினேன்.
ஏழு.
மிச்சமெல்லாம் அதே ஏழுதான்,
வேறு பெயரில், வேறு நிறக் காற்சட்டையில்.

ஏழில் ஒன்று போதுமாயிருந்தது எனக்கு.
கையில் வாளியோடு ஒரு கட்டை மனிதன்
பாலம் பாலமாய்ப் பாய்ந்து போவான்.
பாயும்போது ஒரு சத்தம்,
கிணற்றில் விழுந்த காசு
மறுபடி மேலே வந்தாற்போல.
வீட்டில் என் சொல் கேட்ட ஒரே ஆள் அவன்,
அதுவும் பெருவிரலால் சொன்னால்.

உவர்மலையில் பெயரிலேயே உப்பு.
கசற்றின் பித்தளைப் பல்லில் பச்சை பிடிக்கும்.
ஓடிக்கொலோன் தொட்டுத் துடைப்பேன், ஊதுவேன்
(ஊதக்கூடாதாம், அந்த ஈரம்தான் துருவாம்,
எல்லாம் ஊதி முடிந்தபிறகு சொன்னார்கள்).
அடப்டர் தோசைக்கல்லாய்க் கொதிக்கும்.
காற்றாடியை அதன் பக்கம் திருப்பிவிட்டு
நான் வியர்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாபகம் என்பதே கிடையாது அதற்கு.
எட்டுப் பாலம் கடந்திருப்பேன், கரண்ட் போகும்.
கரண்ட் வந்தால் முதலாம் பாலத்தில் நிற்பான்,
என்னை முன்பின் கண்டிராதவன் போல,
வாளியோடு.

வரிசையும் ஆகாது அதற்கு.
ஒரே நேர்கோட்டில் எட்டுப் பேருக்கு மேல் வந்தால்
ஒன்பதாவது ஆள் மின்னி மின்னி இல்லாமல் போவான்.
போகவில்லை.
அங்கேதான் நிற்கிறான், பெட்டியால் காட்ட முடியவில்லை.
மடத்தடிச் சந்தியில்
அடையாள அட்டையும் கையுமாய்ச் சோதனைக்கு நிற்கையில்
முன்னால் நிற்பவர்களின் பிடரிகளை எண்ணுவேன்.
எட்டில் நிறுத்திவிடுவேன்.

ஒன்பதாம் பாலத்தில் ஒரு வௌவால்.
நாற்பது நாளாய் அதில்தான் சாவு.
ஒரு செவ்வாய்க்கிழமை, செத்த கையோடு,
மதிலுக்கு அப்பாலிருந்து குரல்:
"அக்கா, நீங்க அவசரப்படுறீங்க.
அது ரெண்டாந்தரம் கீழ வந்தாப் பிறகு பாயுங்க."

ரோஸ்லின்.
என் செவ்வரத்தை முழுவதையும் மான் வந்து தின்றது
அவள் படலையைப் பூட்டாததாலே என்று
நான் ஏசிய நாளிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை. பதினாலு மாதம்.
அவளுடைய புருஷன் கப்பலில்,
என்னுடையவர் பாலைவனத்தில்,
நடுவில் ஆறடி மதில்.

பெட்டி ஒழுகியிருக்கிறது.
வயருக்குள் போகவேண்டிய படம் காற்றில் கசிந்து
அவளுடைய அன்ரெனாவில் ஏறி
மூன்றாம் சனலில், இரைச்சலுக்குள்,
கறுப்பு வெள்ளையில் ஓடியிருக்கிறது.
அத்தனை சாவையும் பார்த்துவிட்டாள்.
நான் ஏமாற்றிக் கடந்த நாலாம் பாலத்தையும்.

"சத்தம் வராதே?" என்றேன். வேறென்ன கேட்பது.
"சத்தம் மதிலாலே வரும்" என்றாள்.
"நீங்க ஏசுறதும்."

வௌவால் ஒருதரம் கீழே வந்தது.
பெருவிரல் துடித்தது. பொறுத்தேன்.
இரண்டாந்தரம் வந்தது.
பாய்ந்தேன்.

பத்தாம் பாலத்தில் வானம் ஊதா நிறம்.
அவளுக்கு அது சாம்பலாய்த்தான் தெரிந்திருக்கும்.
"ஊதா" என்று கத்திச் சொன்னேன்.
"என்ன?"
"வானம். ஊதா."
தூரத்தில் ஏதோ ஒன்று,
கோபுரமோ, கப்பலோ, சதுரம் சதுரமாய்
எங்களை நோக்கி வரத் தொடங்க,

கரண்ட் போனது.

மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே நேரத்தில்
ஒரே கெட்டவார்த்தை.
பிள்ளை எழும்பிவிட்டது.