இருப்புக் கணக்கு

கார்த்திகை பிறந்ததும் அஞ்செட்டியிலிருந்து
ஜீப் ஒரே ஒரு தடவை வரும்.
அப்புறம் பாதையெல்லாம் சேறு.
சேறு காய்ந்தால் யானை.
ஆகவே தை முடியும்வரை தின்பதை
அன்றைக்கே இறக்கிவிட வேண்டும்:
மத்தி மீன் டின் முப்பத்தாறு, பட்டாணி இருபது,
பால் டின் பன்னிரண்டு,
விளிம்பு நசுங்கியதென்று போச்சம்பள்ளி ஆலையில்
பாதி விலைக்குத் தள்ளிய மாம்பழக்கூழ் நாலு.

அரிசி கூடாது.
போன வருஷம் ஒரு மூட்டை அரிசிக்காக
முகாமின் மேற்குச் சுவர் போனது.
உப்பு கூடாது. வெல்லம், பேச்சே இல்லை.
களிக்கு மாவு மட்டும் புங்கமரத்து உச்சியில் தொங்குகிறது,
குரங்குக்குப் பாதி எங்களுக்குப் பாதி.
நாம் நினைப்பதையே மோந்துவிடும் என்பான் கெம்பண்ணன்,
தகரம்தான் வாயைத் திறக்காது.

கல் தரை. தகரக் கூரை. அடுப்பு வெளியே.
மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துபோகிறது.
தலைக்கு எண்ணெய் வைக்காமல் ரோந்து போகாத பசவன்
குப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூங்குகிறான்.

விடிந்து பனி விலகும்போது டின்கள் வியர்க்கும்.
இந்தக் குளிரில் வியர்ப்பது அவை மட்டும்தான்.
பழைய யூனிபார்மின் கிழித்த கையால்
ஒவ்வொன்றாய்த் துடைத்து வைப்பது என் வேலை.
ஓரத்து மடிப்பில் துரு ஏறினால் ஊசித்துளை,
துளை விழுந்தால் வயிறு உப்பி நிற்கும்.
உப்பியதைத் திறக்காமலே புதைக்க வேண்டும்,
கரடிக்கு எட்டாத ஆழத்தில்.
இரண்டு புதைத்தாயிற்று.
சுவரில் கரியால் இரண்டு கோடு.

துடைக்கிற சாக்கில் அடியிலுள்ள தேதியைப் படிப்பேன்.
மத்திக்கு அடுத்த ஐப்பசிவரை கெடு இருக்கிறது.
என் ஒப்பந்தம் பங்குனியோடு சரி.

காகிதத்தைப் பூச்சி தின்றுவிட்ட டின் ஒன்று,
என்னவென்றே தெரியாது.
காதோரம் குலுக்கி, பட்டாணி என்றான் கெம்பண்ணன்.
பால் என்றான் பசவன்.
தோற்றவன் ஒரு வாரம் ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கணும்.
பொங்கலுக்குத் திறக்கலாம் என்று அலமாரி ஓரத்தில் வைத்தோம்.

மார்கழி இருபத்திரண்டு, நடுச்சாமம்.
முதலில் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு.
பிறகு சன்னல் சட்டம் முறிகிற சத்தம்.
ஈரமாய் உள்ளே வந்தது,
அவசரமே இல்லை அதற்கு.
டின்களைத் தொட்டுத் தொட்டுப் போனது,
நான் துடைக்கிற அதே வரிசையில்.
ஒன்றைத் தூக்கியது. யோசித்தது. போட்டது.
உருண்ட சத்தம் வாசற்படிவரை கேட்டது.

அலமாரி முடிந்தது.
துதிக்கை தரையில் இறங்கி
என் காலைத் தாண்டி
பசவனின் கம்பளியில் நின்றது.
அவன் சூட்டில் இளகியிருந்தது எண்ணெய்.
நாங்கள் சூடாக வைத்திருந்தது
அது ஒன்றைத்தான்.

பசவன் கத்தவில்லை.
கக்கத்தை மட்டும் மெல்ல அகட்டினான்,
காய்ச்சல் பார்த்த நர்சுக்குத்
தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுப்பவன் மாதிரி.

காலையில் குப்பி நூறடி தள்ளி,
மூடியோடு, தட்டையாக.
கரியெடுத்துக் கணக்கில் எழுதினேன்: எண்ணெய் ஒன்று.
வாசற்படியில் கிடந்த பெயரில்லாத டின்
லேசாய் ஒடுங்கியிருந்தது.
இனி பொங்கல்வரை தாங்காது
என்று கத்தியை எடுத்தான் கெம்பண்ணன்.

பட்டாணி.

எண்ணெய் காணாத தலையோடு
பசவன் எழுந்து குடத்தை எடுத்தான்.
அன்றைக்கு மட்டும்
மூன்று பேருமே ஓடைக்குப் போனோம்.