ஆற்றில் போட்டாலும்

வானொலியில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்:
மிசிசிப்பி மாநிலத்தில்
ஒரு காருக்கு ஆண்டு முழுக்க ஆகும் பெட்ரோல் செலவு
சராசரியாக இவ்வளவு என்று.
தொகையைச் சொல்லும் நேரம் பார்த்து
ஒரு லாரி கடந்துபோயிற்று.

வெர்லீன் ஸ்டோக்ஸ் சிரித்தாள்.
யாரய்யா அந்தச் சராசரி?
பின்னிருக்கையில் இடம் இருக்கிறது, வரச் சொல்.
விடிகாலை நாலே முக்காலுக்கு
முட்டளவு ரப்பர் பூட்ஸோடு
வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கெளுத்தி மீன் ஆலை முப்பத்தேழு மைல்.
போக முப்பத்தேழு, வர முப்பத்தேழு.
(வரும்போது கூடுதலாக இருக்கும்.
மீட்டர் அதைக் காட்டாது.)
பழைய ப்யூக். காலனுக்கு இருபத்தொரு மைல்,
அதுவும் ஏ.சி.யை அணைத்தால்,
ஆகஸ்டிலும்.
யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்கள்.
இந்த யானை
இரவில் சும்மா படுத்திருக்கும்போதுகூட
கொஞ்சம் எண்ணெய் ஒழுக்கும்.

டாலரில் சொன்னால் உறைப்பதில்லை என்று
அவள் நாட்களில் கணக்கு வைத்திருக்கிறாள்.
ஜனவரி முதல் தேதி தொடங்கி
பிப்ரவரி பத்தொன்பது வரை
வெட்டுகிற மீனெல்லாம் காருக்கு.
இருபதாம் தேதிதான்
தனக்கென்று முதல் மீனைக் கீறுகிறாள்.
அன்றைக்கு மட்டும் இடைவேளையில்
ஒரு திராட்சை சோடா.
ஏன் என்று கேட்டால் தாகம் என்பாள்.

போன வருஷ நோட்டில் நான்கு பெயர்கள்.
வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குப் பதின்மூன்று டாலர்,
சில்லறையாகவும் வரும்,
மீன்வாடையோடும் வரும்.
எர்னஸ்டீனின் முழங்கால் ஏப்ரலில் முரண்டு பிடித்தது.
ட்வைலா கடனில் சொந்தக் கார் வாங்கினாள்,
கேக் வெட்டினார்கள், எல்லோரும் தின்றார்கள்.
லவோனியா நவம்பர் கடைசியில்
மகனோடு இருக்க மெம்ஃபிஸ் போனாள்,
பதினொரு டாலர் பாக்கி வைத்துவிட்டு.

மூன்று பேர் இறங்கிய பிறகும்
காரின் வயிறு சுருங்கவில்லை.

இந்த வருஷ நோட்டில் ஒரே பெயர்.
டிசம்பரின் கடைசி ஞாயிறு
காபி டப்பாவை மேசையில் கவிழ்க்கிறாள்.
மை மங்கிய ரசீதுகள்,
சிலவற்றில் தேதி மட்டும் மிச்சம்,
சிலவற்றில் அதுவும் இல்லை,
ஆனால் அவள் பின்பக்கம் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள்.
கால்குலேட்டரில் எட்டு ஒட்டிக்கொள்கிறது.
நகத்தால் நெம்பி நெம்பிக் கூட்டுகிறாள்.

ஆகியிருக்க வேண்டியது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று.
ஆனது இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு.

மறுபடி கூட்டினாள். அதே பதினான்கு.
டாங்க் ஒழுகுகிறதா? தரையில் தடமில்லை.
டயரில் காற்று? போன வாரம்தான் அடித்தது.
அக்காள் மகன் டிவெய்ன் குழாய் விட்டு உறிஞ்சுகிறானா?
ஒரு நிமிஷம் அவனைச் சந்தேகித்தாள்,
அடுத்த நிமிஷம் வெட்கப்பட்டாள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
ஆறு இங்கே பக்கத்தில்தான்,
மண்கரைக்கு அந்தப் புறம்,
அகலமாக, பழுப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது.
அதில் அவள் எதையும் போட்டதில்லை.

எழுபத்தொரு டாலர்.

திங்கட்கிழமை. இருட்டு.
சோயா வயல்கள் மொட்டையாகக் கிடக்கின்றன.
வெள்ளைத் தேவாலயம் தாண்டியதும்
கை தானாக இடப்பக்கம் ஒடிக்கிறது.
சரளைப் பாதையில் ஒரு மைல்.
லவோனியா இருந்த வீடு,
வாடகைக்கு என்ற பலகை சாய்ந்து நிற்கிறது.
வெர்லீன் சின்னதாக இரண்டு ஹாரன் அடிக்கிறாள்.
அடித்த பிறகுதான்
அடித்தது காதில் விழுகிறது.

பக்கத்து வீட்டு நாய்
வழக்கம்போல சோம்பல் முறித்து எழுந்து வருகிறது.
கண்ணாடியை இறக்கி
பாதி பிஸ்கட்டை நீட்டுகிறாள்,
வழக்கம்போல.

போக ஒரு மைல், வர ஒரு மைல்.
இருநூற்றைம்பது நாள்.
கால்குலேட்டர் தேவைப்படவில்லை.
என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது,
அதற்கும் ஏதோ சில காசு.

அன்று மாலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
நோட்டைத் திறந்தாள்.
பழைய பக்கத்தில் லவோனியாவின் பதினொன்று
அடிக்கப்படாமலே இருந்தது. இருக்கட்டும்.
புதிய பக்கத்தின் அடியில்,
விடுபட்ட வரியில் எழுதினாள்:

நாய்க்கு, எழுபத்தொன்று.