சாய்கோடு

மண்டபம் மீன்துறை அலுவலகம். மதியம் இரண்டு மணி.
கச்சான் மணலை அள்ளி
விசைப்பலகைக்குள் தூவுகிறது.

"தனிஸ்லாஸும் கெம்பிஸும் சவரியும்
புதன்கிழமை டோக்கன் வாங்கி வல்லத்தில்..."
தட்டிக்கொண்டே வருகிறேன்.
எண்ணும்மை. ஆளுக்கு ஒன்று.
ஒரு பெயருக்கு மட்டும்
கொடுக்காமல் விட முடியாது.

வியாழன் இரவு
கவிழ்ந்த வல்லத்தைக் கட்டிப்பிடித்தபடி
இரண்டு பேர் கரையேறினார்கள்.

"ஆனால் தனிஸ்லாஸ்" என்று ஆரம்பித்ததும்
எமரென்சியா திரையில் விரலை வைத்தாள்.
"அத எடுங்க சார்."
எதம்மா?
"அந்த ஆனால."

எடுத்தேன்.
இரண்டு வாக்கியமும்
ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கின.
"எனவே" போட,
எதனால் எது என்று எனக்குத் தெரியாது.
படிவத்திலோ
காணாமற்போனவர் / இறந்தவர்.
நடுவில் ஒரு சாய்கோடு,
வாய் திறக்காத அல்லது.

அவளே சொன்னாள்:
"இன்னும் வரல. அப்படிப் போடுங்க."

இன்னும்.
ஐந்து வருஷம் தமிழ் படித்தவன்,
அதன் வாலில் ஓர் உம் இருப்பதை
இன்றுதான் பார்க்கிறேன்.
பரீட்சையென்றால்
எச்சவும்மை என்று எழுதி
அரை மார்க் வாங்கியிருப்பேன்.
பக்கத்தில் இன்னொரு பெயர் இல்லை, கோக்க.
ஒரு முனை இவள் கையில்,
மறுமுனை தண்ணீருக்குள்.

அச்சுப்பொறியில் மை குறைவு.
கடைசி எழுத்தின் புள்ளி விழவில்லை.
"இன்னும" என்று நின்றது தாள்.
பேனாவை வாங்கி
அவளே வைத்தாள்,
அழுத்தி,
பின்பக்கம் தெரிகிற மாதிரி.