தெரியாத மொழியைத் தூக்குதல்

எங்கள் ஊர் நூலகம்
ஐந்தாம் முறையாகக் குடி மாறுகிறது.
முதலில் வெள்ளம். அடுத்தது கறையான்.
பிறகு வாடகை. அதற்கும் பிறகு வௌவால்.
இம்முறை டோபிக் கடை மாடியிலிருந்து
மூடிக் கிடந்த கள்ளுக்கடைக்கு.
மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தும்
சுவர் லேசாகத் தள்ளாடுகிறது என்கிறார் சன்னாசி.
அவருக்குத் தெரியும்.

வழக்கம் மட்டும் மாறாது.
அகராதி லோரியின் முன்சீட்டில்,
பெல்ட் போட்டுக்கொண்டு.
சமையல் புத்தகங்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது,
ஆளுக்கொரு கறிவேப்பிலை.
பேய்க்கதைகள் உச்சிப்பொழுதுக்கு முன்
தண்டவாளம் தாண்டிவிட வேண்டும்.
மிச்சமெல்லாம் ஊர்க்கைகளில், நடந்தே.

ஒரே ஒரு சட்டம்:
வாசிக்கத் தெரிந்ததை எவரும் தூக்கக் கூடாது.

இரண்டாம் முறை குடிபோனபோது
கிராணி வேலாயுதர் ஒரு துப்பறியும் நாவலோடு
ரயில் பாலத்தடியில் நின்றுவிட்டார்.
பின்னால் எழுபது பேர்.
முன்னால் மழை.
அந்தப் புத்தகத்தின் கடைசி இருபது பக்கம்
இன்றும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.
கொலைகாரன் உள்ளேயே மாட்டிக்கொண்டான்.

ஆகவே சீனப் புத்தகங்கள் என் தலையில்.
இரும்புக்கடை ஆ லெக் கையில் தேவாரம்.
நூலகர் புவான் ரொஹாயா
தமிழ் வார இதழ்க் கட்டைத்
தலைகீழாக அணைத்து வருகிறார்,
நான் திருத்தவில்லை.
மலாய்க்குத்தான் ஆள் பஞ்சம்.
எல்லாருக்கும் தெரிந்து தொலைக்கிறதே!
பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டோம்,
ஒன்றுக்கு ஒரு புத்தகம், ஒரு ஐஸ் கட்டி.

அப்போதுதான் ஷஃபிகுல் வந்தான்,
செம்பனைக் குலை ஏற்றும் பங்களாக்காரன்.
மலாய் பேசுவான், எழுத்து பிடிபடாது.
தமிழில் கெட்ட வார்த்தை நான்கு.
சீனம் சுத்தமாக இல்லை.
இப்படி ஒருவனுக்காகத்தானே
இத்தனை வருடம் காத்திருந்தோம்!
பதினொரு புத்தகம் அடுக்கிவிட்டோம்.

ரயில் பாலத்தடியில் நின்றுவிட்டான்.

பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகம்,
ஆறு, படகு, படகில் ஒரு வாத்து, ஒரு மனிதன்.
ஊர்வலம் முட்டி நின்றது.
சன்னாசி வானத்தைப் பார்த்தார்.
"துடுப்பைத் தப்பாப் பிடிச்சிருக்கான்" என்றான் மலாயில்.
மிச்சம் பத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டு
வெறுங்கையால் துழாவிக் காட்டினான்,
இடுப்பிலிருந்து, மெதுவாக,
பாலத்தடித் தார்ச்சாலையில்.
ஆ லெக் தேவாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
செய்து பார்த்தான்.
வரவில்லை.
இன்னொரு முறை காட்டினான்.

மழை வரவில்லை.

பால் பொங்கி
பழைய கள் வாய்க்காலில் வழிந்தது.
சன்னாசிதான் முதலில் நுழைந்தார்,
பழக்கதோஷம்,
தன் பழைய மூலையில் போய் உட்கார்ந்து
"என்ன இருக்கு?" என்றார்.

புவான் ரொஹாயா வழக்கப் பதிவேட்டில் எழுதினார்:
படப் புத்தகங்கள் இனி லோரியில்.

மறுநாள் நான் திறந்தபோது
அதன் கீழே பென்சிலில் ஒரு துடுப்பு,
பக்கத்தில் எங்களில் யாருக்கும்
வாசிக்கத் தெரியாத எழுத்தில்
ஒரு வரி.

அடுத்த முறை குடிபோகும்போது
அந்தப் பதிவேட்டை
யார் வேண்டுமானாலும் தூக்கலாம்,
அவனைத் தவிர.