கடைசி நாலு விரற்கடை

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அமாரோவுக்குக் கயிறென்றால் இஷ்டம்.
கயிறு ஒரு கையைத்தான் கேட்கும்.
கோட்டின் ஜிப் இரண்டையும் கேட்கும்.

ஏழு வயது.
ஊதல் சத்தத்திலேயே எந்தக் கப்பலென்று சொல்லிவிடுவான்.
ஆனால் ஒரு கை பிடிக்க, மறு கை செருக வேண்டிய இடத்தில்
இரண்டும் இப்போதுதான் அறிமுகமானவை போல
ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும்.

நான் போர்வெனீர் படகில் லாரிகளுக்குச் சங்கிலி மாட்டுகிறவன்.
இருபது டன்னை மூன்று நிமிடத்தில் அசையாமல் கட்டிவிடுவேன்.
அதே வேகத்தில்தான்
ஏழு வருடம் அவனையும் கோட்டுக்குள் கட்டினேன்.

ஆக்குபேஷனல் தெரபி என்று டாக்டர் எழுதித் தந்தபோது
இந்த வயதில் இவனுக்கு என்ன தொழில் என்று கேட்டேன்.
"காலுறை, கரண்டி, பொத்தான், பல் தேய்ப்பது.
கண் விழித்ததிலிருந்து ஓவர்டைம்தான்,"
என்றார் யெர்கா.

முதல் ஆறு வாரம் ஜிப்பைத் தொடவேயில்லை.
மாவுருண்டையில் புதைத்த பொத்தான்களைத் தோண்டினான்.
அட்டையில் வெட்டிய நண்டுக்குத்
துணிக் கிளிப்புகளால் கால் வைத்தான்,
ஒரு காலுக்கு நாலைந்து மூச்சு.
இதற்கா மூன்று நாள் கூலி என்று நான் கேட்கவில்லை.
முகம் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு வியாழக்கிழமை
"கடைசியிலிருந்து தொடங்கலாம்," என்றார்.
நான் மாட்டி, கோத்து, நெஞ்சு தாண்டி ஏற்றிவிட வேண்டும்.
கழுத்தருகே நாலு விரற்கடை மட்டும் அவனுக்கு.
ஜிப்பின் நுனியில் என் பழைய சாவி வளையம், விரல் நுழைய.
இழுத்தான்.
மூடியது.
கோட்டை மூடி முடித்தவன் அவன்.
மீதியைச் செய்தது யாரென்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நெஞ்சுவரை அவனுடையது.
அதற்கடுத்து வயிறு.
விரற்கடை விரற்கடையாக
எனக்கு ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது.

"கையைப் பையில் போடுங்கள்," என்றார் யெர்கா.
அவனிடம் சொல்கிறார் என்று நினைத்தேன்.
போட்டேன்.
உள்ளே ஒரு நட்டு கிடந்தது.
அவன் அங்கே தடுமாறத் தடுமாற
நான் இங்கே அதைத் திருகித் திருகி
உள்ளங்கையில் அச்சு விழுந்தது.

ஜூலையில் காய்ச்சல். எழுந்தவன்
கோட்டைத் தரையில் அடித்தான், வளையத்தைக் கடித்தான்.
போர்வையில் சுற்றித் தூக்கிப்போனேன்.
யெர்காவின் நோட்டில் ஒரே வரி:
மறுபடி நாலு விரற்கடை.

அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கூட்டுக்குள்
ஊசியை இறக்கி, முட்டும்வரை அமுக்கி,
நழுவாமல் பிடிக்கும் வேலை
அது மட்டும் என்னிடமே இருந்தது.
உண்மையைச் சொன்னால்
அதைக் கொடுத்துவிட எனக்கும் அவசரமில்லை.

அக்டோபர். ஊரெங்கும் கயிறு.
பள்ளி விடும் நேரம். நான் எதிர்ச்சாரியில்.
காற்று அவன் கோட்டைப் பிடுங்கித்
துணிக்கொடியில் மாட்டியது போல் படபடக்க வைத்தது.
ஓடப் பார்த்தேன். சிக்னல் விடவில்லை.

அவன் காற்றுக்கு முதுகைக் காட்டினான்.
கயிற்றை அக்குளில் இடுக்கினான்.
(இதை யாரும் சொல்லித் தரவில்லை.)
குனிந்தான். ஊசி, கூடு.
நழுவியது.
ஊசி, கூடு.
பின்னால் அதே கயிற்றில் ஆறேழு பேர்,
ரொட்டிப் பையோடு, தள்ளுவண்டியோடு,
நகர வழியில்லாமல்.
முதலில் நின்ற அம்மாள் இரக்கப்பட்டுக் கை நீட்டினார்.

நிமிராமலே சொன்னானாம்:
"கையைப் பையில் போடுங்கள்."

கயிற்றை விட முடியாமல்
ஒரு கையை மட்டும் போட்டுக்கொண்டார் அவர்.