எட்டாம் எண் துளை

குத்தாயிசியில் மார்ச் மாதம் பதினொரு மணிக்கு
என் வடக்கு ஜன்னலில் வெளிச்சம்
ஆறிய பாலில் ஆடைபோல் வந்து படியும்.
கூரை ஒழுகும் இந்த அறைக்கு
அதற்காகத்தான் வாடகை கொடுக்கிறேன்.

கோட்டில் கல்தூசியோடு வந்தார் நோதர்.
கறுப்புக் கல்லை ஊசியால் குத்திக் குத்தி
கல்லறைக்கு முகம் செதுக்குகிறவர்.
இந்த ஊரில் இறந்தவர்களில் பாதிப் பேருக்கு
மீசை கொடுத்த கை.
"இந்த முறை எனக்கே," என்றார்.
"உடம்புக்கு ஒன்றுமில்லை.
ரியோனிக்கு அக்கரையில் கடை போட்டிருக்கிறானே பெசிக்,
அவனிடம் என் மூக்கு சிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

நாற்காலியை ஜன்னலுக்கு ஒன்றரை கஜத்தில் போட்டேன்,
சுவரை விட்டு இன்னும் தள்ளி.
முப்பத்தைந்து லென்ஸைக் கழற்றினேன்.
அதை வைத்துக்கொண்டு முகம் நிரம்பக் கிட்டே போனால்
மூக்குதான் குடும்பத் தலைவர்.
நோதரின் மூக்குக்கு யார் தயவும் தேவையில்லை.
எண்பத்தைந்தை மாட்டிப் பின்னால் போனேன்,
முதுகில் கதவுப்பிடி இடிக்கும் வரை.
இருண்ட கன்னத்தின் பக்கம் வெள்ளைத் தெர்மோகோல்.
துளை ஒன்று புள்ளி எட்டு:
கண் தெளியும், காது கரையும்,
பின்சுவர் வெறும் புகை.
எல்லோரும் காசு கொடுத்து வாங்கும் கரைசல் அது.

திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.
"என் காது எங்கே?"

சொன்னேன், ஆழம் பற்றி, துளை பற்றி.

"என்னிடம் இருப்பது கறுப்பு. அப்புறம் கீறல்.
மங்கலை நான் எந்த ஊசியால் குத்த?
அந்த வெள்ளைப் பலகையையும் எடுத்துவிடு, லமாரா,
நிழல் இல்லாத கன்னத்தில்
எனக்கு என்ன வேலை?"

பதினைந்து வருடம் கற்ற மென்மையை
மடக்கி மூலையில் சாய்த்தேன்.
துளையை எட்டுக்குச் சுருக்கினேன்.
அறை போதவில்லை, ஷட்டர் தவழ்ந்தது,
முக்காலியைத் தேடி எடுத்து
மூச்சைப் பிடிக்கச் சொன்னேன்.
கல்லுக்கு உட்காருகிறவர் இல்லையா,
நன்றாகவே பிடித்தார்.

அப்போதுதான் கேமராவின் பச்சைச் சதுரம்
அவர் இடது கண்ணில் போய் உட்கார்ந்தது.
கிட்டத்துக் கண்ணைத் தெளியவை:
எனக்குச் சொன்ன முதல் பாடம், நான் மற்றவர்க்குச் சொல்வதும்.
கிட்டத்துக் கண் கண்ணாடிக் கண்.
எப்போதோ ஒரு சில்லு தெறித்து எடுத்துக்கொண்ட இடம்.
இமைக்காது, கலங்காது, சொன்ன இடத்தில் நிற்கும்,
கேமராவுக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

சதுரத்தை விரலால் நகர்த்தினேன்
அந்தப் பக்கம், ஈரத்துக்கு,
செவ்வரி ஓடிய, தூசியில் உறுத்தும் கண்ணுக்கு.
எட்டில் இரண்டும் தெளிவாகத்தான் விழும்.
நகர்த்தியது படத்தில் எங்கும் தெரியாது.
தெரிந்தும் நகர்த்தினேன்.

"எதைப் பிடித்தாய்?" என்றார் உதடு அசையாமல்.
"பேசாதீர்கள்."

படம் வந்தது.
இரண்டு கண்ணிலும் என் ஜன்னல், நெல்மணி அளவு வெள்ளை.
கண்ணாடியில் மட்டும் ஒரு நூல் உயரத்தில்.
"சரிசெய்து தரட்டுமா?"
"தொடாதே. அந்தப் புள்ளியைக் கடைசியில்தான் குத்துவேன்.
அதுவரைக்கும் கல்லுக்கு
நான் யாரென்று தெரியாது."

முப்பதுக்கு நாற்பது, பளபளப்பு வேண்டாம், இரண்டு பிரதி.
முன்பணம் எண்ணி வைத்தார்.
எழுந்த நாற்காலியில் தூசி
அவர் அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

மூன்று மணிக்கு வந்த பெண்ணுக்கு
துளையைத் திறக்க மறந்துவிட்டேன்.
வேலைக்கு அனுப்பும் படம், பாவம், புதுக் காலர்.
அவளுக்குப் பின்னால் சுவரின் ஒவ்வொரு விரிசலும்,
போன குளிர்காலத்து ஒழுகலின் கறையும்,
எதுவும் மாட்டாத ஆணி ஒன்றும்
துல்லியமாக விழுந்திருந்தன.
மன்னிப்புக் கேட்டு, காசு வாங்காமல்
வேறு எடுத்துக் கொடுத்தேன்.

பழையதை இன்னும் அழிக்கவில்லை.
அந்த ஆணியை நான் அடித்ததாக நினைவில்லை.